ஆண்டிவைரஸைத் தூக்கிவிடலாமா?

தாராவி 90 அடி சாலையில் கணக்கு எழுதும் அலுவலகம் நடத்தும் சகோதரி ஒருவரின் கேள்வி இது. அவரிடம் ஆறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. தோல் பை தைப்பவர்கள், பாத்திரக் கடைக்காரர்கள், இட்லி வியாபாரிகள் என்று சுற்றுவட்டாரத்தில் பலருக்கு ஜிஎஸ்டி கணக்கு அங்கிருந்துதான் போகிறது. மூன்று மாதம் முன்பு ஆறு மெஷினிலும் காசு கொடுத்துப் புது ஆண்டிவைரஸ் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து தொல்லை. காலையில் சிஸ்டம் வேலைக்குத் தயாராகவே பத்து நிமிடம் ஆகிறது. கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் நடுநடுவே உறைந்துபோகிறது. ஒருநாள் ஒரு கம்பெனியின் டேட்டாவே திறக்கவில்லை. டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி டோக்கனைச் செருகினால் ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்து விழவில்லை. தமிழில் கடிதம் அடிக்க வைத்திருந்த சாஃப்ட்வேர் ஒருநாள் காணாமலே போய்விட்டது. பார்க்க வந்த பையன், "ஆண்டிவைரஸ்தான் அக்கா உண்மையான வைரஸ், தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தூக்கிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். லாமிங்டன் ரோட்டில் பாகம் வாங்கி, மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கத்து அலுவலகங்களுக்கு இருபது வருடமாக கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறேன். அந்தப் பையன் சொன்னதில் பாதி சரி: உங்கள் நான்கு தொல்லைக்கும் பாதுகாப்பு சாஃப்ட்வேர்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தூக்கிப் போடு என்ற மீதிப் பாதிதான் ஆபத்து. நான்கும் நான்கு வேறு இடத்தில் நடக்கும் மோதல்கள். எது எங்கே மோதுகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஓர் இடத்தில் மட்டும், எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக வழி விடவேண்டும்.

ஏன் மோதுகிறது என்பதை முதலில் சொல்கிறேன். ஆண்டிவைரஸ் மற்ற சாஃப்ட்வேர்களைப் போல மேலே உட்கார்ந்துகொண்டு வேலை செய்வதில்லை. டேலி ஒரு ஃபைலைக் கேட்டால், அந்தக் கோரிக்கை விண்டோஸின் உள்ளே இறங்கி டிஸ்க் வரை போகிறது. போகும் வழியிலேயே ஃபில்டர் டிரைவர் என்ற ஒன்றை ஆண்டிவைரஸ் நிறுத்தி வைத்திருக்கிறது. அது கோரிக்கையைப் பிடித்து, ஃபைலைப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் டேலியின் கைக்கு ஃபைல் வரும். ஒன்று இருந்தால் இது கண் இமைக்கும் நேர வேலை. இரண்டு இருந்தால் முதலாவது பார்ப்பதற்காக ஃபைலைத் திறக்கும், அந்தத் திறப்பையே இரண்டாவது பிடித்துப் பார்க்கும். ஒன்று மற்றொன்றின் நடவடிக்கையையே சந்தேகப்பட்டுத் தடுக்கும் கூத்தும் நடக்கும். ஒரே உறையில் இரண்டு கத்தி. நான்கு ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில் காலை பத்து நிமிடம் என்பது குறைவுதான்.

"எங்களிடம் ஒன்றுதானே இருக்கிறது" என்று நீங்கள் சொல்லலாம். எண்ணிப் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட்டை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். எஃப், எல், டி, எம், சி (fltmc) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் 'ஆல்டிட்யூட்' என்ற பத்தியில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஓர் எண் இருக்கும். யார் மேலே, யார் கீழே நிற்கிறார்கள் என்பதற்கான எண் அது. ஆண்டிவைரஸ்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியிருப்பது 32 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டருடைய டிரைவர் 328010-இல் நிற்கும். அதைத் தவிர 32-இல் தொடங்கும் வரிகளில் இரண்டு வெவ்வேறு கம்பெனியின் பெயர் தெரிந்தால் உங்கள் முதல் தொல்லைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஒரே கம்பெனி இரண்டு டிரைவர் வைப்பதும் உண்டு, அது பரவாயில்லை.

இரண்டாவது எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் லேப்டாப் வாங்கும்போதே உள்ளே இருந்த இலவச ட்ரையல். ஒரு மாதமோ ஒரு வருடமோ கழித்து அது காலாவதியாகிவிடும். நாம் அதன் எச்சரிக்கையை மூடிவிட்டு வேறொன்றை மேலே போட்டுவிடுவோம். கண்ட்ரோல் பேனலில் போய் அன்இன்ஸ்டால் செய்தால்கூடச் சில சமயம் டிரைவர் மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் பெரிய கம்பெனிகள் எல்லாம் தங்கள் சாஃப்ட்வேரைத் துடைத்தெடுக்கவே தனியாக ஒரு நீக்கும் கருவியை இலவசமாகக் கொடுக்கின்றன. நார்ட்டன், மெக்காஃபி, காஸ்பர்ஸ்கி, ஈசெட் எல்லாவற்றுக்கும் உண்டு. ஈசெட்டின் கருவியை, விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் எழும் சேஃப் மோடில் ஓட்டவேண்டும். கருவியை அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். இந்தத் தேடலைக் குறிவைத்தே போலிகள் காத்திருக்கும்.

அகற்றியபின் ரீஸ்டார்ட் செய்து, மறுபடி அதே ஐந்தெழுத்தை அடித்துப் பாருங்கள். வரி போயிருந்தால்தான் வேலை முடிந்தது.

டிஃபெண்டர் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 10, 11-இல் வேறொரு ஆண்டிவைரஸ் முறைப்படி பதிவு செய்துகொண்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து செட்டிங்ஸில் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' என்பதில் யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆனால் டேட்டா இருக்கும் மெஷினில் யாராவது விண்டோஸ் சர்வர் போட்டிருந்தால் அங்கே டிஃபெண்டர் தானாக ஒதுங்காது, கையால் நிறுத்தவேண்டும். பல அலுவலகங்களில் சர்வர் மட்டும் ஊர்ந்துபோவதற்கு இதுதான் காரணம். என் சொந்த அபிப்பிராயம், ஆறு மெஷின் அலுவலகத்துக்கு ஒழுங்காக அப்டேட் ஆகும் டிஃபெண்டரே போதும். ஆனால் நீங்கள் காசு கொடுத்துவிட்டீர்கள். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

பழைய ட்ரையல்களின் மிச்சம் வேகத்தை மட்டும் கெடுப்பதில்லை. 2018 ஜனவரியில் ப்ராசஸர்களில் மெல்ட்டவுன் என்ற பெரிய ஓட்டை வெளியே தெரிந்தபோது மைக்ரோசாஃப்ட் அவசர அப்டேட் விட்டது. சில ஆண்டிவைரஸ்கள் விண்டோஸின் உள் நினைவகத்தை அனுமதியில்லாத வழியில் தொட்டுக்கொண்டிருந்ததால் அந்த அப்டேட் ஏறியதும் மெஷின் நீலத் திரையில் விழுந்தது. அதனால், 'நான் ஒத்துப்போவேன்' என்று விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஆண்டிவைரஸ் ஓர் அடையாளம் வைத்தால்தான் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. பராமரிப்பில்லாத பழைய ஆண்டிவைரஸ் இருந்த மெஷின்களுக்கு அந்த அடையாளம் கிடைக்கவில்லை, அதோடு பாதுகாப்பு அப்டேட்டும் நின்றது. காப்பாற்றப் போட்டதே கதவைத் திறந்து வைத்தது. அந்த நிபந்தனையைப் பின்னால் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் காலாவதியான ஆண்டிவைரஸை அப்படியே விட்டுவைக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்த ஜனவரிதான் காரணம்.

அடுத்து டேலி. இதில் நிதானம் வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் வாடிக்கையாளரின் கணக்கே போகும். உங்கள் அலுவலகத்தில் டேட்டா ஒரு மெஷினில், வேலை ஐந்து மெஷினில். ஒருவர் ஒரு வவுச்சர் போட்டால் அந்த மெஷினின் ஆண்டிவைரஸ் நெட்வொர்க் வழியாக ஃபைலைப் பார்க்கும், டேட்டா மெஷினின் ஆண்டிவைரஸும் அதே ஃபைலைப் பார்க்கும். டேலி ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை எழுதும், படிக்கும். ஆண்டிவைரஸ் ஃபைலைப் பிடித்து வைத்திருக்கும் நொடியில் இன்னொரு மெஷின் எழுத வந்தால் டேலி காத்திருக்கும், அல்லது பிழை காட்டும். உறைந்துபோவது இதனால்தான்.

இதற்கு வழி எக்ஸ்க்ளூஷன். கம்பெனி டேட்டா இருக்கும் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் உடனடி ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். டேலியில் கம்பெனியைத் திறக்கும் திரையிலேயே டேட்டா எங்கே இருக்கிறது என்ற பாதை தெரியும், அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். டேட்டா மெஷினில் அதன் சொந்தப் பாதை, மற்ற ஐந்தில் நெட்வொர்க் பாதை. முழு டி டிரைவையும் விலக்காதீர்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை எந்தக் காலத்திலும் விலக்காதீர்கள். டேலி நிரல் இருக்கும் ஃபோல்டரையும் விலக்க வேண்டாம் என்பேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

2017 ஜூன் 27. நாட்பெட்யா என்று பின்னால் பெயர் பெற்ற தாக்குதல் உக்ரைனில் தொடங்கியது. அது உள்ளே நுழைந்த வழி அந்த நாட்டில் பல நிறுவனங்கள் பயன்படுத்திய ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட். ஆமாம், நம்முடையது போன்ற ஒரு கணக்கு சாஃப்ட்வேர். அங்கிருந்து கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் வரை பரவி, நமக்குப் பக்கத்தில் நவா ஷேவா துறைமுகத்தில் அந்த நிறுவனம் நடத்தும் கண்டெய்னர் முனையத்தின் வேலையையும் முடக்கியது. கணக்கு சாஃப்ட்வேர்தானே, அதற்கு என்ன சோதனை என்று நினைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டிய நாள் அது. டேட்டா ஃபைல் தானாக ஓடாது, நிரல் ஓடும். டேட்டாவுக்கு வழிவிடலாம், நிரலைச் சோதிக்கவிடுங்கள். அப்படியும் வேகம் போதவில்லை என்றால் ப்ராசஸ் எக்ஸ்க்ளூஷன் என்று வேறொரு வகை உண்டு. டிஃபெண்டரில் அதைக் கொடுத்தால் டேலி திறக்கும் ஃபைல்கள் சோதிக்கப்படாது, டேலியின் நிரல் சோதிக்கப்படும்.

திறக்காமல் போன அந்தக் கம்பெனி டேட்டா? முதலில் ஆண்டிவைரஸின் க்வாரண்டைன் பட்டியலை, அதாவது அது சந்தேகப்பட்டு ஒதுக்கிப் பூட்டி வைத்த ஃபைல்களின் பட்டியலைப் பாருங்கள். எதுவும் செய்வதற்கு முன் டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறொரு இடத்துக்குக் காப்பி எடுங்கள். க்வாரண்டைனில் டேலி ஃபைல் ஏதாவது இருந்தால் முதலில் எக்ஸ்க்ளூஷன் போட்டுவிட்டுப் பிறகு ரீஸ்டோர் கொடுங்கள். வரிசை மாறினால் ரீஸ்டோர் ஆன அடுத்த நொடியே மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன்பு மாட்டுங்காவில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகம். செப்டம்பர் கடைசி வாரம், தணிக்கை அறிக்கைக் கெடு நெருங்கிவிட்டது. ஆண்டிவைரஸ் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு அவர்களது கணக்கு ஃபைல் ஒன்றை ட்ரோஜன் என்று பிடித்துவைத்தது. அங்கே வேலை பார்த்த பெண் எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து 'டெலீட்' அழுத்திவிட்டார். அவர்மேல் தப்பில்லை. சிவப்பு எழுத்தில் ஆபத்து என்று வந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். பேக்கப் எடுக்கும் பென் டிரைவ் அதே மெஷினில் செருகியே இருந்தது, அதிலிருந்த நகலையும் அது துடைத்திருந்தது. பத்து நாள் பழைய நகல் ஒன்று வேறு இடத்தில் கிடைத்து, மூன்று பேர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வவுச்சர்களைத் திரும்ப அடித்தார்கள். மறுநாளே அந்த ஆண்டிவைரஸ் இன்னோர் அப்டேட்டில் தன் தவறைத் திருத்திக்கொண்டது. அன்றிலிருந்து நான் போகும் எல்லா இடத்திலும் இரண்டு மாற்றம் செய்கிறேன். ஒன்று, கண்டதும் அழி என்ற அமைப்பை மாற்றி, கண்டதும் க்வாரண்டைன் என்று வைக்கிறேன். இரண்டு, பேக்கப் டிஸ்க்கைக் காப்பி எடுத்ததும் உருவி அலமாரியில் வைக்கச் சொல்கிறேன்.

நல்ல ஃபைலைத் தீயது என்று பிடிக்கும் இந்தத் தவறு சின்னக் கம்பெனிகளுக்கு மட்டும் நேர்வதில்லை. 2007 மே மாதம் சைமன்டெக், எளிய சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு சிஸ்டம் ஃபைல்களை ட்ரோஜன் என்று பிடித்தது. 2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்காஃபியின் 5958 என்ற எண்ணுள்ள அப்டேட், விண்டோஸின் இதயமான எஸ்விசிஹோஸ்ட் ஃபைலையே வைரஸ் என்று ஒதுக்கியது. உலகமெங்கும் எக்ஸ்பி மெஷின்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன்னுடைய சொந்த அப்டேட் நிரலையே தீயது என்று பிடித்தது. டிஃபெண்டரும் தப்பவில்லை. 2023 ஜனவரி 13-ஆம் தேதி அதன் ஓர் அப்டேட், ஒரு குறிப்பிட்ட பாதுகாப்பு விதியை இயக்கி வைத்திருந்த அலுவலகங்களில் ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்களை அழித்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேல் 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39-க்கு க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் ஃபால்கன் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. 21 புலங்கள் வேண்டிய இடத்தில் நிரல் 20-தான் கொடுத்தது. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப்போய் மெஷின் நீலத் திரையில் விழுந்தது. 10.57-க்கு அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 78 நிமிடத்துக்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்துவிட்டன. மும்பை உட்பட நம் விமான நிலையங்களில் கூட்டம் தேங்கியதும், போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். அது வைரஸோ தாக்குதலோ இல்லை. விண்டோஸின் உள்மையமான கெர்னலுக்குள் நின்று வேலை செய்யும் ஒன்று தடுக்கி விழுந்தால் மொத்த வீடும் அதோடு விழும், அவ்வளவுதான். சரிசெய்ய ஒவ்வொரு மெஷினாக சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்த மெஷின்களில் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாதவர்கள் அதையும் செய்ய முடியாமல் நின்றார்கள். உங்கள் ஆறு மெஷினுக்கும் அந்தச் சாவி காகிதத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். புது லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும்.

அப்புறம் டிஜிட்டல் கையெழுத்து. உங்கள் பிரைவேட் லிமிடெட், எல்எல்பி வாடிக்கையாளர்களுக்கு இது கட்டாயம், அதனால் நகர்த்திப் போட முடியாது. இங்கே மோதல் இரண்டு இடத்தில் நடக்கலாம். முதலாவது டோக்கனிலேயே. பல டோக்கன்கள் செருகியவுடன் தங்களை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும், டிரைவர் சாஃப்ட்வேர் அதற்குள் இருக்கும். யூஎஸ்பி வழியாக எதுவும் தானாக ஓடக்கூடாது என்று ஆண்டிவைரஸ் அதைத் தடுத்துவிட்டால் டோக்கன் உயிரில்லாத துண்டுதான். ஆண்டிவைரஸின் டிவைஸ் கண்ட்ரோல் பகுதியில் அந்த ஒரு டோக்கனை அனுமதியுங்கள். எல்லா யூஎஸ்பியையும் திறந்துவிடாதீர்கள். வாடிக்கையாளர்கள் பென் டிரைவில் பில் கொண்டுவரும் அலுவலகம் உங்களுடையது.

இரண்டாவது மோதல் நுணுக்கமானது. ஜிஎஸ்டி தளம் கையெழுத்து கேட்கும்போது ப்ரௌசர் உங்கள் மெஷினுக்குள்ளேயே ஓடும் எம்சைனர் என்ற நிரலோடு பேசுகிறது. 127.0.0.1 என்ற முகவரியில் 1585 என்ற போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாசலில், அது காத்திருக்கும். அந்தப் பேச்சும் பூட்டிய பேச்சு, அதற்கென்று ஒரு சான்றிதழ் உண்டு. இப்போது பல ஆண்டிவைரஸ்கள் பூட்டிய இணையப் போக்குவரத்தையும் திறந்து பார்க்கின்றன. கூரியர் வந்த உறையைச் சொசைட்டி வாட்ச்மேன் பிரித்துப் படித்து, தன் உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பது போன்ற வேலை அது. உறையின் முத்திரை மாறிவிட்டதால் எம்சைனரும் ப்ரௌசரும் ஒன்றையொன்று நம்ப மறுக்கின்றன. சில வங்கித் தளங்கள் காரணமில்லாமல் எச்சரிக்கை காட்டுவதும் இதனால் இருக்கலாம்.

இந்த ஒரு வசதியை மட்டும் அணைத்துவிடலாம் என்பது என் முடிவு. 'ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்', 'எஸ்எஸ்எல் ஸ்கேனிங்', 'என்கிரிப்டட் கனெக்ஷன்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். இன்றைய ப்ரௌசர்களே போலித் தளங்களை நன்றாகத் தடுக்கின்றன. பூட்டிய போக்குவரத்தை நடுவில் நின்று திறப்பவரிடமே பிழை இருந்தால் கதை மோசமாகும். 2016-இல் காஸ்பர்ஸ்கியில் அப்படி ஒரு பிழையை கூகுளின் ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டுபிடித்தார், நிறுவனமும் சரிசெய்தது. முழுதாக அணைக்க மனமில்லை என்றால் 127.0.0.1 முகவரியையும் ஜிஎஸ்டி தளத்தையும் விலக்குப் பட்டியலில் போடுங்கள். பிறகு ப்ரௌசரில் அந்த முகவரியையும் போர்ட்டையும் அடித்து, சான்றிதழை ஒருமுறை ஏற்றுக்கொண்டு, கையெழுத்தை முயன்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனிச் சான்றிதழ் பெட்டி வைத்திருப்பதால் குரோமில் வேலை செய்வது அதில் செய்யாமல் போகலாம். ஒரே ப்ரௌசரில் சோதியுங்கள்.

ஒரு சின்ன விஷயம். புது ஆண்டிவைரஸ் நெட்வொர்க் வாசலைக் காக்கும் தன் சொந்த ஃபயர்வாலையும் கொண்டுவந்திருந்தால், உங்கள் அலுவலக நெட்வொர்க்கை அது பொது இடத்து வைஃபை போல நினைத்து மூடியிருக்கும். டேட்டா மெஷினின் பகிர்வு ஃபோல்டரே தெரியாமல் போவது, டேலி லைசென்ஸ் கிடைக்காமல் போவது இரண்டுக்கும் இதுதான் காரணம். நெட்வொர்க்கை 'ப்ரைவேட்' என்று மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். லைசென்ஸுக்கு டேலி வழக்கமாகப் பயன்படுத்துவது 9999 போர்ட்.

கடைசியாகத் தமிழ் சாஃப்ட்வேர். இது எனக்கு மனசுக்கு நெருக்கமான தொல்லை, ஏனென்றால் இதைப் பெரிய கம்பெனிகள் யாரும் கண்டுகொள்வதில்லை. நீங்கள் 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் திரையில் தமிழில் வரவேண்டும். அதற்கு அந்த நிரல் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் வேர்டுக்குப் போகும் முன்பே பிடித்து, மாற்றி அனுப்பவேண்டும். பாஸ்வேர்ட் திருடும் கீலாக்கரும் விசையைப் பிடிப்பது அதே வழியில்தான். நடத்தையை வைத்துச் சந்தேகப்படும் ஆண்டிவைரஸுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதோடு இவற்றில் பல தனியாள்கள் அன்புக்காக எழுதி இலவசமாகக் கொடுத்தவை. ஆண்டுதோறும் காசு கட்டி வாங்கும் டிஜிட்டல் கையொப்பம் அந்த நிரல்களில் இருக்காது, பயன்படுத்துவோர் எண்ணிக்கையும் குறைவு. தெரியாத ஆள், விசையைப் பிடிக்கிறான், முத்திரை இல்லை என்று கணக்குப் போட்டு ஆண்டிவைரஸ் தூக்கிவிடுகிறது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்காதீர்கள். யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிய பழைய நிறுவல் ஃபைலில் நிஜமாகவே ஏதாவது ஒட்டியிருக்கலாம். ஆக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக எடுத்து, அதை வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பாருங்கள். எழுபதை ஒட்டிய எண்ணிக்கையில் ஆண்டிவைரஸ் எஞ்சின்கள் அங்கே கருத்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் பொதுவான பெயரில் சந்தேகப்பட்டால் அநேகமாகத் தவறான பிடிப்பு. இருபது, முப்பது என்று போனால் அந்த ஃபைலை மறந்துவிடுங்கள். அந்தத் தளத்தில் வாடிக்கையாளரின் கணக்கையோ பான் நகலையோ மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அங்கே ஏற்றும் ஃபைல்கள் மற்ற நிறுவனங்களோடு பகிரப்படும். தவறான பிடிப்பு என்று உறுதியானால் உங்கள் ஆண்டிவைரஸ் கம்பெனிக்கே ஃபைலை அனுப்பி முறையிடுங்கள், எல்லாருமே அதற்கு ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போன்றவை நம் ஊர்க் கம்பெனிகள், தமிழ் எழுதும் நிரல் என்றால் என்ன என்று விளக்குவது அங்கே சுலபம். நீங்கள் ஒருவர் முறையிட்டால் ஊரெல்லாம் அதே நிரலைப் பயன்படுத்துபவர்களுக்கும் தீரும். கடிதம் எழுத மட்டும்தான் தமிழ் என்றால் விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் விசைப்பலகைக்கு மாறினால் இந்த மோதலே வராது. தமிழ் 99 பழகிய விரல் என்றால் அதுவும் அங்கே உண்டு.

எல்லாம் முடிந்தபின் பாதுகாப்பு இன்னும் விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஐகார் சோதனை ஃபைல் என்று ஒன்று, 68 எழுத்துகள் மட்டும். யாருக்கும் தீங்கு செய்யாது, ஆனால் எல்லா ஆண்டிவைரஸும் அதை வைரஸ் போலவே பிடிக்கவேண்டும் என்று பொதுவாக ஒப்புக்கொண்டது. அதை டவுன்லோட்ஸில் இறக்குங்கள், உடனே பிடிக்கவேண்டும். டெஸ்க்டாப்பில், டி டிரைவின் வேறொரு ஃபோல்டரில் வைத்துப் பாருங்கள், அங்கேயும் பிடிக்கவேண்டும். பிடிக்காமல் விடக்கூடிய ஒரே இடம் நீங்கள் விலக்கிய டேலி டேட்டா ஃபோல்டர்தான். வேறு எங்காவது பிடிக்காமல் விட்டால் வழியை அளவுக்கு மேல் திறந்துவிட்டீர்கள்.

எப்போது செய்வது என்று கேட்பீர்கள். ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாதப் படிவத்துக்கான 11-ஆம் தேதிக்கும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கான 20-ஆம் தேதிக்கும் நடுவே எதையும் தொடாதீர்கள். 20 தாண்டிய முதல் சனிக்கிழமை சாயங்காலம், முழு பேக்கப் எடுத்து டிஸ்க்கை உருவி வைத்தபின், ஒரே ஒரு மெஷினில் மட்டும் தொடங்குங்கள். ஒரு மாற்றம், ஒரு ரீஸ்டார்ட், ஒரு சோதனை. இரண்டு மாற்றத்தைச் சேர்த்துச் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது. அந்த மெஷின் புதன்கிழமை வரை ஒழுங்காக ஓடினால் மற்ற ஐந்துக்கும் போங்கள், டேட்டா இருக்கும் மெஷினைக் கடைசியாக வையுங்கள். என்னென்ன விலக்கினீர்கள், எந்தத் தேதியில், எதற்காக என்று ஒரு தாளில் எழுதி அந்த மெஷினின் பக்கவாட்டிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்து பார்க்க வரும் பையனிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.